பொருளியல் தனிப்பயிற்சி ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தல்

பொருளியல் தனிப்பயிற்சி (பேச்சு வழக்கில் டியூஷன்) என்பது பள்ளி நேரத்திற்கு வெளியே, கட்டணம் கொடுத்து, ஓர் ஆசிரியரிடம் பொருளியல் பாடத்தைக் கற்பதாகும். தமிழ்நாட்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களுக்குத் தெருவுக்குத் தெரு டியூஷன் உண்டு. பொருளியலுக்கு அப்படி இல்லை. கும்பகோணத்திற்கு மேற்கே சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ள தாராசுரம் போன்ற ஊர்களில், வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துபவரே பொருளியலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது வழக்கம். இதனால் பொருளியலை முறையாகப் படித்த ஆசிரியரைக் கண்டறிவதும், அவரிடம் செலவிடும் பணமும் நேரமும் பயன் தருமா என்று தீர்மானிப்பதும் மாணவர், பெற்றோர் பொறுப்பாகின்றன. தமிழ்நாடு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பயிலும் மாணவரை மனத்தில் கொண்டு இக்கட்டுரை அவ்வழிமுறையை விளக்குகிறது.

பின்னணி

ஆசிரியரைத் தேடிச் சென்று கற்பது காவிரிப் படுகைக்குப் புதியதன்று. உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்குத் தமிழ் கற்பிக்கத் தக்க ஆசிரியரைத் தேடி அவருடைய தந்தையார் ஊர் ஊராக அலைந்தார். முடிவில் சாமிநாதையர் தம் 17ஆம் வயதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன், பள்ளிப் பருவத்தில் தம் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கேட்டுக் கேட்டே கணிதம் கற்றார். பின்னாளில் வேலை கிடைக்காமல் சென்னையில் இருந்தபோது, தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

இன்றைய டியூஷன் பெரும்பாலும் தேர்வை ஒட்டியது. பள்ளிப் பாடத்தைப் பின்தொடர்ந்து செல்வதால் இதனை ‘நிழல் கல்வி’ என்பர். இச்சொல்லைப் பரவலாக்கியவர்களுள் மார்க் பிரே என்னும் கல்வியாளர் முக்கியமானவர். இந்தியாவில் 2025இல் நடந்த விரிவான கல்வி மாதிரி ஆய்வின்படி, மாணவர்களுள் சுமார் 27 விழுக்காட்டினர் அக்கல்வியாண்டில் தனிப்பயிற்சி பெற்றுள்ளனர். நகர்ப்புறத்தில் இது 30.7 விழுக்காடு, ஊரகத்தில் 25.5 விழுக்காடு. இலங்கையில் உயர்தர வணிகப் பிரிவில் பொருளியல் ஒரு பாடம். அங்கு அதற்கெனப் பெரிய ‘ரியூசன்’ வகுப்புகள் நடக்கின்றன. தென் கொரியா 1980இல் தனிப்பயிற்சியைத் தடைசெய்தது. அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது.

முதலில் எது தெரியவில்லை என்று அறிதல்

ஆசிரியரைத் தேடுமுன், மாணவர் தமக்கு எங்கே இடறுகிறது என்று கண்டறிய வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் நுண்ணினப் பொருளியல், இந்தியப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம், கணித முறைகள் ஆகியவை உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் பேரினப் பொருளியல், தேசிய வருவாய், பணவியல், வங்கியியல், பன்னாட்டுப் பொருளியல், நிதிப் பொருளியல், புள்ளியியல் முறைகள் ஆகியவை வருகின்றன. இடர்ப்பாடுகள் பொதுவாக மூன்று வகைப்படும்.

1. கருத்து விளங்காமை: தேவை, அளிப்பு, பெருக்கி போன்றவற்றின் வரையறை மனப்பாடமாக இருக்கும், பொருள் தெரியாது. இதற்கு விளக்கிச் சொல்லும் ஆசிரியர் தேவை.

2. கணக்கும் வரைபடமும்: கலைப்பிரிவு மாணவர் பலர் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்கள். வகையிடல், அணிகள், புள்ளியியல் என்றதும் அஞ்சுவர். இதற்கு ஆண்டு முழுவதும் டியூஷன் வேண்டியதில்லை. கணிதம் தெரிந்த ஒருவரிடம் சில வாரங்கள் பயிற்சி செய்தால் போதும்.

3. விடை எழுதும் முறை: பாடம் தெரியும், மதிப்பெண் வராது. இவருக்குத் தேவை எழுதிய விடையைத் திருத்தித் தரும் ஒருவரே.

பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அக மதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு 100க்கு 35 தேவை. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20; இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒவ்வொரு வகையிலும் 7 எழுத வேண்டும் (20 + 14 + 21 + 35 = 90). ஐந்து மதிப்பெண் விடைகளில்தான் வரைபடம் கை கொடுக்கும். அச்சுகளுக்குப் பெயரிடாமல் கோடு மட்டும் போட்டு மதிப்பெண் இழப்பவர் பலர். பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்த்தால், மேற்கண்ட மூன்றில் எது தம் குறை என்பது மாணவருக்கே தெரிந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18இல் தொடங்கி, 2025-26 முதல் கைவிடப்பட்டது. இதனால் அவ்வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போகும் டியூஷன்கள் இருக்கக்கூடும். நுண்ணினப் பொருளியலின் அடிப்படை பதினொன்றில்தான் இருக்கிறது. கல்லூரியில் பி.ஏ. பொருளியலோ பி.காம்.மோ சேர்பவருக்கு முதல் பருவத்திலேயே அது வேண்டியிருக்கும். எனவே இவ்வாறு தாவிச் செல்லும் டியூஷனைத் தவிர்ப்பது நல்லது.

கட்டணமில்லாத வழிகள்

டியூஷனுக்கு முன் முயல வேண்டியவை சில உள்ளன. முதலாவது, பள்ளியின் முதுகலை ஆசிரியர். எந்தப் பாடம் விளங்கவில்லை என்று குறிப்பாகச் சொல்லிக் கேட்டால் உதவாத ஆசிரியர் குறைவு. ‘ஒன்றும் புரியவில்லை சார்’ என்பதைவிட ‘பெருக்கியில் இரண்டாம் வரி புரியவில்லை சார்’ என்பது விடை பெற்றுத் தரும். அரசுப் பள்ளிகளில் மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்புகளும் நடக்கின்றன. பாடநூல்களை இணையத்தில் விலையின்றித் தரவிறக்கலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் காணக் கிடைக்கின்றன. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்காகத் தொடங்கப்பட்டது என்பதால் மேல்நிலை மாணவருக்குப் பயன்படாது.

எங்கே தேடுவது

பள்ளிகளில் மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்க, அப்பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். டியூஷன் ஆசிரியருக்குச் சட்டப்படி இத்தகுதி தேவையில்லை எனினும், ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அளவுகோல். தாராசுரம் மாணவர் தேடத் தக்க இடங்கள்:

- ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்கள். எந்தப் பள்ளியில் யார் ஓய்வுபெற்றார் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும்.
- எம்.ஏ., பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள். இவர்களுக்குப் பாடம் புதிதாக நினைவில் இருக்கும்.
- கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரி போன்றவற்றில் பொருளியல் பயிலும் முதுகலை மாணவர்கள்.
- முந்தைய ஆண்டு நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கள். இவர்கள் ஆசிரியர் அல்லர், ஆனால் யாரிடம் படித்தால் விளங்கும் என்று நேர்மையாகச் சொல்வர்.

பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியரிடம் டியூஷன் கேட்பது சரியன்று. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. அச்சட்டம் 14 வயது வரையிலான தொடக்கக் கல்வியைப் பற்றியது. ஆனால் அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அரசுப் பணியிலிருப்போரைக் கட்டுப்படுத்துகின்றன. தம் வகுப்பு மாணவரிடமே ஆசிரியர் கட்டணம் வாங்கினால், வகுப்பில் நடத்த வேண்டியதை டியூஷனுக்கு ஒதுக்கி வைக்கும் தீமை உண்டாகும்.

ஆசிரியரைச் சோதித்தல்

டியூஷன் என்பதும் ஒரு சந்தையே. விற்பவருக்குத் தம் சரக்கின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இத்தகைய சந்தை எவ்வாறு கெடும் என்பதைப் பழைய மோட்டார் வாகனங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். இத்துறை ஆய்வுகளுக்காக அவரும் மைக்கேல் ஸ்பென்ஸும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பட்டம், பதாகையில் போடும் மாணவர் படம், ‘நூற்றுக்கு நூறு’ விளம்பரம் ஆகியன தரத்தை உணர்த்தும் அடையாளங்களே தவிரத் தரம் அல்ல. நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவர், டியூஷனுக்கு வருமுன்பே நன்றாகப் படிப்பவராக இருந்திருக்கலாம்.

எனவே கட்டணம் செலுத்துமுன் ஒரு வகுப்பில் அமர்ந்து பார்ப்பதே நம்பகமான வழி. கீழ்வரும் வினாக்களுள் ஒன்றை மாணவர் ஐயமாகக் கேட்கலாம்.

முதல் வினா: ‘தேவை விரிவுக்கும் தேவை அதிகரிப்புக்கும் என்ன வேறுபாடு?’ நல்ல ஆசிரியர் உள்ளூர்ச் சரக்கை எடுத்துச் சொல்வார். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளி விலை இறங்கியதால் மக்கள் கூடுதலாக வாங்கினால் அது தேவை விரிவு. புள்ளி அதே தேவைக்கோட்டின் மேல் கீழ்நோக்கி நகரும். முகூர்த்த மாதம் வந்ததால், விலை மாறாதபோதே கும்பகோணம் வெற்றிலையைக் கூடுதலாக வாங்கினால் அது தேவை அதிகரிப்பு. தேவைக்கோடு முழுவதும் வலப்பக்கம் இடம்பெயரும். வரையறையை மட்டும் ஒப்புவித்துவிட்டு ‘இதை நோட்டில் எழுதிக்கொள்’ என்பவரிடம் கருத்து விளங்காத மாணவர் சேர்ந்து பயனில்லை.

இரண்டாம் வினா: ‘இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.8 என்றால் பெருக்கி ஏன் 5?’ 1 ÷ (1 − 0.8) = 5 என்று வாய்பாடு போடுவது எளிது. கூலியாகக் கிடைத்த 100 ரூபாயில் 80 ரூபாய் மளிகைக் கடைக்குப் போகிறது, கடைக்காரர் அதில் 64 ரூபாயைச் செலவிடுகிறார், அடுத்தவர் 51.20 ரூபாயைச் செலவிடுகிறார் என்று தொடர்ந்து, கூட்டினால் 500 ரூபாயை நெருங்கும் என்று காட்டுபவரே கற்பிக்கத் தெரிந்தவர்.

மூன்றாம் வினா: ‘நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை எதற்கு?’ 2025-26 பருவத்தில் பொது இரக நெல்லுக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் அறிவித்தது. மாநில ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர்ந்து 2,500 ரூபாய் ஆயிற்று. அறுவடையில் வரத்து குவியும்போது விலை விழாமல் தாங்குவதே இதன் நோக்கம். கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்து காத்திருந்தால், அறிவித்த விலை இருந்தும் உழவர் குறைந்த விலைக்கு வியாபாரியிடம் விற்க நேர்வது ஏன் என்று மேலும் கேட்கலாம். அதற்கும் சேர்த்து விளக்கினால் அவரிடம் தயங்காமல் சேரலாம்.

இவற்றோடு கவனிக்க வேண்டியவை: ஒரு வகுப்பில் எத்தனை பேர், எழுதிய விடையை ஆசிரியரே திருத்துகிறாரா, மாணவரின் பயிற்றுமொழியிலேயே நடத்துகிறாரா. தமிழ்வழி மாணவருக்கு ஆங்கிலச் சொற்களில் நடத்தினால் தேர்வில் சொல் கிடைக்காமல் தடுமாறுவார். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வேறு என்பதால் இரண்டையும் ஒரே வகுப்பில் கலந்து நடத்துவது ஒத்துவராது.

செலவும் பயனும்

கட்டணத்தை மாதக் கணக்கில் பார்க்காமல் வகுப்புக் கணக்கில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 600 ரூபாய்க்கு 12 வகுப்பு என்றால் ஒரு வகுப்புக்கு 50 ரூபாய். 500 ரூபாய்க்கு 8 வகுப்பு என்றால் 62.50 ரூபாய். குறைவாகத் தோன்றியதே கூடுதல் ஆகிவிடுகிறது.

பணத்தோடு வாய்ப்புச் செலவும் உண்டு. ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த மாற்றே வாய்ப்புச் செலவு. தாராசுரத்தில் பட்டு நெசவாளர் வீட்டு மாணவி, மாலையில் தார் சுற்றிக் கொடுத்து வீட்டு வருமானத்துக்கு உதவுபவராக இருக்கலாம். ஒரு மணி நேர வகுப்புக்குப் போக வர இன்னொரு மணி நேரம் ஆனால், அவர் விடுவது இரண்டு மணி நேர வேலையை, அல்லது இரண்டு மணி நேரப் படிப்பை. ஒரே மாலையில் மூன்றாவது டியூஷனுக்குப் போகும் மாணவருக்குக் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. ஒரு பாடத்தில் மூழ்கி மற்றவற்றை விடுவதும் இழப்பே. கணிதத்தில் மட்டும் ஈடுபட்டு மற்றப் பாடங்களில் தவறிய இராமானுஜன், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார்.

மறுபுறம், தோல்வியின் விலையும் பெரிது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் (2022), மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பொருளியலில் தவறினால் துணைத்தேர்வு எழுத வேண்டும். கல்லூரிச் சேர்க்கை தள்ளிப்போகும். ஓராண்டு தள்ளினால் 12,000 ரூபாயும் ஓராண்டும் தள்ளிப்போகின்றன. திரும்பப் படிக்க அனுப்பாத வீடுகளும் உண்டு.

முன்பணமும் பாதுகாப்பும்

ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்பணமாகத் தருவதைத் தவிர்க்க வேண்டும். மத்திய கல்வி அமைச்சகம் 2024 சனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்கள், மாணவர் இடையில் விலகினால் மீதிக் கட்டணத்தைப் பத்து நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், பட்டதாரி அல்லாதவரைக் கற்பிக்க அமர்த்தக் கூடாது என்றும் கூறுகின்றன. ஆனால் இவை மாநிலங்களுக்கான வழிகாட்டுதல்களே. 50க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் மையங்களைக் கருதியவை. வீட்டுத் திண்ணையில் பத்துப் பேருக்கு நடத்துபவரைக் கட்டுப்படுத்தா. ஆகவே மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டு பெறுவதே பாதுகாப்பு.

வகுப்பு திறந்த இடத்தில், மற்ற மாணவரோடு நடக்க வேண்டும். பெற்றோர் எப்போது வந்தாலும் பார்க்க இசைவு இருக்க வேண்டும். இருட்டியபின் முடியும் வகுப்பென்றால் யார் அழைத்து வருவது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். தொல்லை ஏதும் நேர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 ஆகியவற்றை அழைக்கலாம்.

எப்போது நிறுத்துவது

சேர்ந்து ஆறு வாரங்கள் கழித்து, முதலில் எழுதிய அதே வகை வினாத்தாளை மாணவர் மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டும். விடைகளில் மாற்றம் தெரிந்தால் தொடரலாம். மாற்றமில்லையெனில் ஆசிரியரிடம் அதை மரியாதையாகச் சொல்லி, முறையை மாற்றக் கேட்கலாம். அதன் பின்னும் முன்னேற்றமில்லையெனில் நிறுத்திவிடலாம். ‘இவ்வளவு கட்டிவிட்டோமே’ என்று தொடர்வது தவறு. போன பணம் எதைச் செய்தாலும் திரும்பாது. இனிச் செலவிடப் போவதற்குப் பயன் உண்டா என்பது மட்டுமே கேள்வி. மாணவர் தாமாகப் படித்து விளங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டாலும் நிறுத்திவிடலாம். அந்நிலைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் டியூஷன் ஆசிரியரின் வேலை.