டிஜிட்டல் பேனா

கடிதத்தைத் தபாலில் சேர்த்த பின், நாம் எழுதியதை நாமே மீண்டும் படிக்க இயலாது. இக்குறையைத் தீர்க்க வந்ததே டிஜிட்டல் பேனா.

இப்பேனாவில் இருப்பது சாதாரண மைதான். ஆனால் அதன் முனைக்கு அருகே சின்னஞ்சிறு காமிரா ஒன்று உள்ளது. இதற்கென்றே தனித் தாளும் உண்டு. அதில் நுண்ணிய புள்ளிகள் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் மேலோ கீழோ, இடமோ வலமோ சற்றே விலகி நிற்கும். அவ்விலகலைக் காமிரா படம் பிடிப்பதால், முனை தாளில் எங்கே நகர்கிறது என்பதைப் பேனா அறிந்து, நம் கையெழுத்தை அப்படியே பதிவு செய்கிறது. என்னே விந்தை! சுவீடன் நாட்டு அனோட்டோ நிறுவனத்தின் இம்முறையில் லாஜிடெக் பேனா 2002-லும், பேச்சையும் சேர்த்துப் பதியும் லைவ்ஸ்கிரைப் பேனா 2008-லும் வெளிவந்தன.

பாடக் குறிப்புகளைக் கணினியில் அச்செழுத்தாக மாற்றிக்கொள்வது நன்று. அன்னைக்கு எழுதும் கடிதமோ கையெழுத்திலேயே இருக்கட்டும். அடித்துத் திருத்திய சொல்லிலும் நம் மனம் தெரியுமன்றோ? தாள் அவரிடம் சேரும். நகல் நம்மிடம் தங்கும். பிறர் நம்மை நம்பிச் சொன்னவற்றுக்கு நாம் எழுதிய பதிலும் அந்நகலில் இருக்கும். ஆகவே அதனை அயலார் கண்ணில் படாமல் காப்பது நம் கடமையாகும்.