பிழைக்கும் கணக்கு வைத்த நிரலாளர்

கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை அதற்கு விளங்கும் மொழியில் படிப்படியாக எழுதித் தருவது நிரல் எனப்படும். அது ஓடினால் போதும், மறுபடி எடுத்துப் படிக்கப் போகிறவர் யார் என்ற நினைப்பு தொழிலில் பரவிக் கிடந்த காலத்திலேயே, நிரலை முதலில் மனிதர் படிப்பதற்காக எழுத வேண்டும் என்றும், இயந்திரத்துக்கு விளங்க வைப்பது அதற்கு அடுத்த காரியம் என்றும் வாதிட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத். வகுப்பறையில் பிறந்த கருத்தன்று இது. ஒரு பெரிய மென்பொருளைத் தம் கையாலேயே எழுதி, திருத்தி, பல்லாண்டுகள் பராமரித்த அனுபவத்தில் விளைந்தது.

நிரலாக்கக் கலை குறித்து அவர் 1968 முதல் வெளியிட்டு வந்த பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்குத் தயாரானபோது, ஈய எழுத்துக் கோப்பு மறைந்து ஒளி அச்சுக்கோப்பு வந்திருந்தது. 1977இல் கைக்கு வந்த மெய்ப்புகளில் கணிதக் குறியீடுகள் பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்ததால், நூலை அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுத அவர் முனைந்தார். ‘டெக்’ என்று பெயர் பெற்ற அந்த வேலை ஓராண்டில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார். முடிய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. (மென்பொருளுக்கு நாள் குறிப்பவர்களின் கணக்கு பொய்ப்பது மேதைகளுக்கும் பொது.) முதல் வடிவத்தைத் தாளில் கையால் எழுதிவைத்த பிறகே கணிப்பொறியில் ஏற்றிய அவர், 1980களின் தொடக்கத்தில் அதை ஒதுக்கிவிட்டு மொத்தத்தையும் புதிதாக எழுதினார்.

அந்த இரண்டாம் எழுத்தில் உருவான முறையைத்தான் 1984இல் ‘லிட்டரேட் புரோகிராமிங்’ என்ற கட்டுரையில் அவர் விளக்கினார். இம்முறையில் விளக்க உரையும் நிரல் வரிகளும் ஒரே கோப்பில் கலந்து நிற்கின்றன. பத்தியை வரிகளாக உடைக்கும் பகுதி என்றால், எந்த இடத்தில் உடைப்பது நல்லது, ஏன் நல்லது என்பதை முதலில் உரைநடையில் சொல்லி, அதன் கீழேயே உரிய நிரலை எழுதுகிறார். வரிசையும் இயந்திரம் கேட்கும் வரிசையன்று, படிப்பவருக்கு விளங்கும் வரிசை. ‘டேங்கிள்’ என்ற கருவி அக்கோப்பிலிருந்து இயந்திரத்துக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்க, ‘வீவ்’ என்ற கருவி அதையே அச்சிடத்தக்க நூலாக்குகிறது. டெக்கின் நிரல் முழுவதும் இவ்வாறே 1986இல் 500 பக்கங்களுக்கு மேற்பட்ட புத்தகமாக வெளிவந்தது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு கோப்பில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக்கையுடன் பட்டியலிடும் நிரல் ஒன்றை எழுதித் தரும்படி 1986இல் ஜான் பென்ட்லி தம் இதழ்ப்பத்திக்காகக் கேட்க, கனூத் பல பக்கங்களில் அழகான நிரலொன்றை அளித்தார். அதைத் திறனாய்ந்த பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய், எழுத்தைப் பாராட்டிவிட்டு, யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே உள்ள சிறு கருவிகளைத் தொடுத்து ஆறே கட்டளைகளில் அதே வேலையை முடித்துக் காட்டினார். இன்றைய தொழில் மெக்கில்ராய் வழியில்தான் நடக்கிறது. பிறர் செய்துவைத்த துண்டுகளை இணைப்பதே அன்றாட வேலையாகிவிட்ட இடத்தில், நிரலைக் கட்டுரைபோல் எழுத நேரம் தருகிற நிறுவனம் அரிது. ஆனால் மெக்கில்ராய் தொடுத்த சிறு கருவிகளையும் யாரோ ஒருவர் கவனமாக எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது என்பதை மறக்கலாகாது.

நிரலின் வேகத்தைப் பற்றிய கனூத்தின் கருத்து மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டு, பாதியே புரிந்துகொள்ளப்பட்டது. ஃபோர்ட்ரான் மொழி நிரல்களை ஆராய்ந்து 1971இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு நிரலில் நான்கு சதவீதத்துக்கும் குறைவான பகுதியே ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்குகிறது. ஆகவே அளந்து பார்க்காமல் எல்லா வரிகளையும் விரைவுபடுத்த முயல்வது கேடு என்று 1974இல் எழுதிய அவர், அந்தச் சிறு பகுதியைக் கண்டறிந்த பின் அதைச் சீராக்காமல் விடுவதும் தவறு என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறார்.

இவை யாவற்றினும் எவரும் இன்றே பின்பற்றத்தக்கது அவர் வைத்திருந்த பிழைப் பதிவேடு. டெக்கில் செய்த திருத்தங்களைத் தேதி வாரியாகக் குறித்துவந்து, வழிமுறைக் கோளாறு, கைத்தவறு, மறந்துபோன வசதி, எதிர்பாராத சூழல் என 15 வகைகளாகப் பிரித்து, ஒளிவுமறைவின்றி 1989இல் வெளியிட்டார். தம் மென்பொருளைத் தாமே உடைக்கும் நோக்கத்துடன், ஒருவரும் இயல்பாகக் கொடுக்காத விபரீத உள்ளீடுகளால் ஒரு சோதனைக் கோப்பும் எழுதினார். டெக்கில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலரில் தொடங்கிய பரிசு ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலரில் நிறுத்தப்பட்டது. பரிசாக வந்த காசோலைகளை வங்கியில் போடாமல் சட்டமிட்டு மாட்டியவர்கள் பலர். டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்திய வெளியீட்டிலும் வட்ட மாறிலியாகிய ‘பை’யை ஓர் இலக்கம் நெருங்குகிறது: 2021இல் வந்த பதிப்பின் எண் 3.141592653.