கிளட்ச் பிளேட் மாத்தப் போறீங்களா? ஃப்ளைவீலையும் ஒரு பார்வை பார்த்துடுங்க!

காலை 7 மணி. கோயம்பேட்டில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்புகிறது ஒரு ‘குட்டி யானை’. பாடி மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும்தான் ஏறுது. வண்டி ஏற மாட்டேங்குது. கூடவே கருகின வாசனை. ‘கிளட்ச் போயிடுச்சு’ என்று ஓட்டுபவருக்குத் தெரியும். ஆனாலும், ‘இந்த வாரம் லோடு இருக்கு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவார். வண்டி நின்னா வருமானம் நின்னுடும். மாசத் தவணை நிக்காதே!

அந்த ஒரு வாரம்தான் பிளேட் செலவை ஃப்ளைவீல் செலவாக மாற்றிவிடுகிறது.

ஃப்ளைவீல் என்ன செய்யுது?

இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் கனமான இரும்புச் சக்கரம்தான் ஃப்ளைவீல். பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட்டை இதன்மேல் அழுத்திப் பிடிக்கும்போதுதான் இன்ஜின் சக்தி கியர்பாக்ஸுக்குப் போகும்.

இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. 2005-ல் வந்த டாடா ஏஸில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சக்தி கிடைக்கும். இரண்டு சிலிண்டரில் ஒரே முறைதான். அந்த இடைவெளியில் வண்டி குலுங்காமல் சுற்றைத் தாங்கிப் பிடிப்பது ஃப்ளைவீலின் கனம்தான்.

எப்படித் தேயுது?

அம்பத்தூர் ஓ.டி. நெரிசலிலும், பூந்தமல்லி சாலையிலும் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பலரும் ‘ஆஃப் கிளட்ச்’சில்தான் ஓட்டுகிறோம். பாதி மிதித்த நிலையில் பிளேட் முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே சுற்றும். அந்தச் சூட்டில் பிளேட்டின் லைனிங் தேயும். லைனிங் தீர்ந்த பிறகும் ஓட்டினால், உள்ளே இருக்கும் ரிவெட் நேரடியாக ஃப்ளைவீலைக் கீறும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

சமதளமான இடத்தில், முன்னாடி பின்னாடி யாரும் இல்லாதபோது ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியர் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப் ஆகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிளேட் சூடாகும்.

கியர் விழ மறுத்தால் உடனே பிளேட் மீது பழி போடாதீர்கள். கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கீச் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கினதும்...

இந்த வேலையில் பெரிய பாடு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். பிளேட்டுக்கும் அதே கூலி, பேரிங்குக்கும் அதே கூலி. அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுவது நல்லது. பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால், ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். கசிவை விட்டுவிட்டால் புது பிளேட்டும் சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும்.

ஃப்ளைவீலை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்குதா, நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கா, விரலை வைத்தால் பள்ளம் தட்டுப்படுதா? லேசான கீறலும் பளபளப்பும் என்றால் லேத்தில் கொடுத்துச் சீராக்கலாம். 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்! ஆனால், எவ்வளவு வேண்டுமானாலும் கடையலாம் என்பதில்லை. தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போகக் கூடாது. விரிசல் ஆழமாக இருந்தாலோ, ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் ரிங் கியரின் பல்லோடு சேர்ந்து ஃப்ளைவீலே சேதமாகியிருந்தாலோ புதுசுதான் வழி. சில புது வண்டிகளில் வரும், உள்ளே ஸ்பிரிங் வைத்த ‘டூயல் மாஸ்’ ஃப்ளைவீலை சாதாரண லேத்தில் கொடுக்கவே கூடாது.

மாட்டும்போது கவனம்

* பழைய தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.
* புது பிளேட்டின் லைனிங்கில் கிரீஸ் கை படக் கூடாது.
* பிளேட்டில் ‘ஃப்ளைவீல் பக்கம்’ என்று குறித்திருக்கும். திருப்பி மாட்டினால் மறுபடியும் எல்லாத்தையும் இறக்கணும்.
* பிளேட்டை நடுவில் நிறுத்த அதற்கான கருவியைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் கியர்பாக்ஸ் உள்ளே போகாது.
* பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கணும். ஃப்ளைவீல் போல்ட்டுக்கு டார்க் ரென்ச் கட்டாயம்.

வண்டி வந்ததும் முதல் சில நாள்கள் அதிக லோடு வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டு, காலைக் கிளட்சிலிருந்து எடுத்துவிடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று அவையே சொல்லும். அடுத்த முறை அந்தக் கருகின வாசனை வந்தால், லோடை இறக்கியதும் நேராக மெக்கானிக்கிடம் விடுங்க. ஒரு நாள் வாடகை போகும். ஆனா, ஃப்ளைவீல் தப்பிச்சிடும்!