குட்டையில் வளரும் காட்டு நெல்

நாம் உண்ணும் சோறு ஒரு புல்லின் விதை. அந்தப் புல்லின் உறவினங்கள் பல, விதைப்பாரும் நீர் பாய்ச்சுவாருமின்றி இன்றும் காடுகளிலும் சதுப்புகளிலும் தாமே வளர்கின்றன என்பதை அறிவீர்களா?

நெல், 'ஒரைசா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தில் 20க்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் மனிதன் பயிரிடுபவை இரண்டே: ஆசிய நெல்லும், மேற்கு ஆப்பிரிக்க நெல்லும். மற்றவை காட்டு நெற்கள்.

இவை வாழும் இடங்கள் வெவ்வேறானவை. ஒரைசா ரூஃபிபோகன், நீர் வற்றாத சதுப்புகளில் பல்லாண்டு வாழும். ஒரைசா நிவாரா, கோடையில் வற்றும் குட்டைகளில் மழையோடு முளைத்து, ஓராண்டுக்குள் விதை தந்து மடியும். ஒரைசா கிரானுலேட்டா, நீர் தேங்காத காட்டு நிலத்தில் மரநிழலில் வளரும். ஒரைசா கோஆர்க்டேட்டாவின் இருப்பிடமோ, சுந்தரவனம் போன்ற முகத்துவாரங்களின் உவர்ச்சேறு. தான் உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள நுண்மயிர்களின் வழியே அது வெளியேற்றிவிடுகிறது. வட ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும்கூடக் காட்டு நெற்கள் உண்டு.

காட்டு நெல்லின் மணி முற்றியதும் தானே உதிர்ந்துவிடும், அறுவடைக்கு உதவாது. எனவே உழவர்கள் அதைக் களையாகவே கருதுகின்றனர். ஆனால் அந்தக் களைதான் ஒருமுறை நெற்பயிரைக் காப்பாற்றியது.

1970களின் தொடக்கத்தில், புகையான் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் நோய் தென்கிழக்கு ஆசிய வயல்களைத் தாக்கியது. நோயுற்ற பயிர் குட்டையாகி, புற்கற்றைபோல் தூர்விட்டது, மணி பிடிக்கவில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தனர். நோயை வலுவாக எதிர்த்து நின்றது ஒன்றே: உத்தரப் பிரதேசத்தில் திரட்டப்பட்ட ஒரைசா நிவாரா.

அதைப் பயிர் நெல்லுடன் கலப்பினம் செய்தனர். பிறந்த செடிகளை மீண்டும் மீண்டும் பயிர் நெல்லுடனேயே கலந்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் மணி உதிர்தல் முதலான காட்டுப் பண்புகள் நீங்கின. நோய் எதிர்ப்பு மட்டும் தங்கியது. அந்த எதிர்ப்பாற்றலைப் பெற்ற ஐ.ஆர்.36 என்னும் நெல் 1976இல் வெளியாகி, ஆசியாவெங்கும் பரவியது.

இன்று காட்டு நெல் விதைகளைக் குளிரறைகளில் சேமித்து வைக்கிறார்கள். இது தேவையே, ஆயினும் இது மட்டும் போதாது. குளிரறையில் உறங்கும் விதை மாறுவதில்லை. நோய்க்கிருமிகளோ மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றோடு போராடித் தானும் மாறுவது, மண்ணில் உயிரோடு வளரும் செடியே. ஒரு குட்டையைத் தூர்த்து மனையாக்கும்போது, நாளைய நோய்க்கு மருந்தாகக்கூடிய ஒரு புல்லும் அதனடியில் புதைந்துபோகலாம்.