போர்டு மாறிடுச்சு, கடை போயிடுச்சா? ரஷ்யாவை விட்டுக் கிளம்பிய பிராண்டுகளின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "ரஷ்யா மேல இத்தனை பொருளாதாரத் தடை போட்டாங்களே, அப்போ மாஸ்கோவுல இருக்கிறவங்க பர்கர் சாப்பிட மாட்டாங்களா?"

சாப்பிடறாங்க. அதே கட்டடத்துல, பெரும்பாலும் அதே ஊழியர்கள் கையால. போர்டு மட்டும் வேற. அது எப்படி நடந்துச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

1990 ஜனவரி 31. சோவியத் யூனியன் இன்னும் உடையலை. மாஸ்கோ புஷ்கின் சதுக்கத்துல முதல் மெக்டொனால்ட்ஸ் திறக்குது. முதல் நாளே சுமார் 30,000 பேர், கடுங்குளிர்ல வரிசை கட்டி நின்னாங்க. அவங்களுக்கு அது வெறும் பர்கர் இல்லை, உலகத்தோட சேர்ந்துட்டோம்ங்கிற உணர்வு.

32 வருஷம் கழிச்சு, 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல முழுப் படையெடுப்பைத் தொடங்குது. மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை மூடுது. மே மாதம் மொத்தமா விற்றுவிட்டுப் போறோம்னு அறிவிக்குது. சுமார் 850 கடைகள், 62,000 ஊழியர்கள்.

தடையில் பர்கர் இருந்துச்சா?

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. பர்கரும் டி-ஷர்ட்டும் விற்கக் கூடாதுன்னு எந்தத் தடையும் சொல்லலை. தடை விழுந்தது வங்கிகள் மேல, சிப் மாதிரியான தொழில்நுட்பப் பொருட்கள் மேல, ஆடம்பரப் பொருட்கள் மேல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆடம்பரத் தடை பொதுவா 300 யூரோவுக்கு மேற்பட்ட பொருட்களுக்குத்தான்.

அப்புறம் ஏன் கிளம்பினாங்க? பல ரஷ்ய வங்கிகளை ஸ்விஃப்ட்டிலிருந்து வெட்டிட்டாங்க. விசாவும் மாஸ்டர்கார்டும் நிறுத்திட்டாங்க. சரக்கு அனுப்பவும் பணம் வாங்கவும் வழி அடைஞ்சுபோச்சு. அதோட சொந்த நாட்டு வாடிக்கையாளர்களோட கோபம் வேற. யேல் பல்கலைக்கழகத்துல ஒரு குழு, யார் போறாங்க, யார் இருக்காங்கன்னு பெயர் போட்டுப் பட்டியலே வெளியிட ஆரம்பிச்சது. அந்தப் பட்டியல்ல மாட்டிக்க எந்த கம்பெனிக்கும் ஆசை இல்லை.

கிளம்பறதுக்கும் கையில் சாவி வேணும்

மெக்டொனால்ட்ஸுக்கு அங்கே பெரும்பாலான கடைகள் சொந்தம். அதனால மூடச் சொன்னதும் மூடிச்சு. பர்கர் கிங் கதை நேர் எதிர். சுமார் 800 கடைகளையும் நடத்தியது ஒரு கூட்டு நிறுவனம். அதுல தாய் நிறுவனத்தோட பங்கு 15 சதவீதம்தான். "மூடு"ன்னு சொன்னாங்க, உள்ளூர் பார்ட்னர் மறுத்துட்டார். வெளியே போர்டு யாரோட பேர்லங்கிறது வேற, உள்ளே கல்லாப்பெட்டி யார் கையிலங்கிறது வேற.

நம்ம பாஷையில் சொன்னா, மெக்டொனால்ட்ஸுக்கு அட்மின் ஆக்சஸ் இருந்துச்சு. பர்கர் கிங்குக்கு ரீட்-ஒன்லி.

ஃபோர்க் ஆன கடைகள்

மெக்டொனால்ட்ஸ் கடைகளை வாங்கினவர் அலெக்சாண்டர் கோவொர். சைபீரியாவில் ஏற்கனவே அதே பிராண்டின் உரிமம் வச்சிருந்தவர். 2022 ஜூன் 12, புஷ்கின் சதுக்கக் கடை 'வ்குஸ்னா இ தோச்கா'ங்கிற பேர்ல திறந்துச்சு. "ருசி, அவ்ளோதான்"னு அர்த்தம். ஊழியர்களைக் குறைஞ்சது ரெண்டு வருஷம் வச்சிருக்கணும்ங்கிறது ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை.

ஓப்பன் சோர்ஸ்ல ஒரு ரெப்போவை ஃபோர்க் பண்ற மாதிரிதான் இது. பழைய கோடு எல்லாம் இருக்கும்; ஆனா ஒரிஜினல்ல இருந்து இனி அப்டேட் வராது. அதோட விளைவு சீக்கிரமே தெரிஞ்சது. ஜூலையில் உருளைக்கிழங்குத் தட்டுப்பாடு, பல கடைகள்ல ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் இல்லை! முந்தின வருஷம் விளைச்சல் சரியில்லை, வெளிநாட்டு சப்ளையர்களும் தரலை.

ஸ்டார்பக்ஸ் இருந்த இடத்துல 'ஸ்டார்ஸ் காஃபி' வந்துச்சு. ஸாரா வச்சிருந்த இண்டிடெக்ஸ் தன் கடைகளை டாஹெர் குழுமத்துக்கு வித்துச்சு. 2023ல ஸாரா இருந்த இடத்துல 'மாக்' திறந்துச்சு. அசல் பிராண்டுதான் வேணும்னா? உரிமையாளர் அனுமதி இல்லாம மூன்றாவது நாடு வழியா கொண்டுவர்ற இறக்குமதியை 2022லேயே ரஷ்ய அரசு சட்டபூர்வமாக்கிடுச்சு.

வெளியேறும் கதவுக்கு டிக்கெட்

இனி வர்றதுதான் சிக்கலான பகுதி. ஆரம்பத்துல போகாதவங்களுக்கு, பிறகு போறது நாளுக்கு நாள் கஷ்டமாச்சு. விற்கணும்னா அரசு ஆணையத்தோட அனுமதி வேணும். சந்தை மதிப்புல பாதி விலைக்குத்தான் விற்கணும். மேல 10 சதவீதம் அரசு பட்ஜெட்டுக்கு. அது 2023 அக்டோபர்ல 15 ஆச்சு. 2024 அக்டோபர்ல தள்ளுபடி 60, அரசுக்கு 35 சதவீதம்.

கணக்குப் போடுங்க. 100 ரூபாய் சொத்து. விலை 40. அரசுக்கு 35. மிச்சம் 5 ரூபாய்.

சரி, இருந்துடலாம்னா? லாபத்தை எளிதா வெளியே எடுக்க முடியாது. முடக்கப்பட்ட சிறப்புக் கணக்குல கிடக்கும். டேனோன், கார்ல்ஸ்பெர்க் ரெண்டும் கிளம்பற வேலையில் இருந்தப்பவே, 2023 ஜூலையில் அவங்க ரஷ்யக் கிளைகளை அரசு 'தற்காலிக நிர்வாகம்'னு எடுத்துக்கிச்சு.

அப்போ யார் செஞ்சது சரி?

பிரான்ஸோட ஓஷான் சூப்பர்மார்க்கெட் அங்கேயே இருந்துச்சு. சாதாரண மக்களுக்கு உணவு தர்றோம், ஊழியர்களைக் கைவிட முடியாதுங்கிறது அவங்க வாதம். உக்ரைன் தரப்பு கேட்கிறது: நீங்க கட்டுற வரி எங்க போகுது? எங்க தலையில் விழுற குண்டுக்குத்தானே?

ரெண்டையும் நேர்மையா பார்க்கணும். இருந்தா வரி. போனா வெளியேறும் கட்டணம். ரெண்டு வழியிலயும் பணம் சேர்றது அதே கஜானாவுக்குத்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கட்டணம் ஒரு முறை, வரி வருஷா வருஷம். அதுக்கும் மேல, முதல் சில மாசத்திலேயே முடிவெடுத்தவங்க இந்தக் கட்டண விதிகள் வர்றதுக்கு முன்னாடியே வெளியே வந்துட்டாங்க. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்"னு இருந்தவங்கதான் அதிகமா கொடுக்கறாங்க. என் கணக்குல, தள்ளிப்போட்டதுதான் இங்க பெரிய தப்பு.

ஒண்ணு மறக்கக் கூடாது. மெக்டொனால்ட்ஸ் அந்த 62,000 பேரையும் நிபந்தனையில் எழுதிட்டுத்தான் கிளம்பிச்சு. போறதுன்னா ஆளை நடுத்தெருவுல விட்டுட்டுத்தான் போகணும்னு இல்லை.

அடுத்த முறை "இந்த பிராண்டு வெளியேறிடுச்சு"ன்னு தலைப்பு பார்த்தா, மூணு கேள்வி கேளுங்க. கடை யாருக்குச் சொந்தம்? சரக்கு எங்கிருந்து வருது? திரும்பி வர வழி வச்சிருக்காங்களா? மெக்டொனால்ட்ஸ் வச்சிருக்கு, 15 வருஷத்துக்குள்ள திரும்ப வாங்கிக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு.

நீங்களா இருந்தா 2022 மார்ச்ல என்ன முடிவெடுத்திருப்பீங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். அதுவரைக்கும், டாட்டா!