நகக்கண்ணில் தங்கும் முட்டை

டவுன் பஸ் கைப்பிடிக் கம்பியில் புழு எதுவும் ஊர்வதில்லை. அங்கே ஒட்டியிருக்கக்கூடியது அதன் முட்டை. கீரிப்பூச்சி முட்டையின் நீளம் 50 முதல் 60 மைக்ரான். ஏறக்குறைய இருபதை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும். கண்ணால் பார்த்து ஒதுங்க வழியே இல்லை.

கீரிப்பூச்சி, குழந்தைகளை அதிகம் பிடிக்கும் குடற்புழு. வெள்ளை நூல் துண்டுபோல இருக்கும் பெண் புழு, ஒரு சென்டிமீட்டர் அளவுதான். குழந்தை அயர்ந்து தூங்கும் நேரத்தில் அது ஆசனவாய்க்கு வெளியே வந்து, தோல் மடிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டுச் சாகிறது. அந்த இடம் பொறுக்க முடியாமல் அரிக்கும். இந்தப் புழு பரவுவதே அந்த அரிப்பால்தான். தூக்கத்தில் சொறியும் விரல், நகக்கண்ணில் முட்டைகளை அள்ளிக்கொள்கிறது. 4 முதல் 6 மணி நேரத்தில் அவை தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். இரவில் இட்ட முட்டை, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது தயாராக இருக்கும்.

அதே விரல்தான் பஸ் கம்பியைப் பிடிக்கிறது. அடுத்துப் பிடிப்பவர், இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் மாங்காய்க் கீற்று வாங்கிக் கை கழுவாமலே தின்கிறார். நோட்டை எண்ண எச்சில் தொடுகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. ஈரமும் குளிர்ச்சியும் கிடைத்தால் முட்டை இரண்டு வாரம்வரைகூடத் தாங்கும். வெயிலில் காய்ந்த கம்பியில் அவ்வளவு நாள் பிழைக்காது. அதனால் பஸ்ஸைக் கண்டு மிரள வேண்டியதில்லை. கீரிப்பூச்சி அதிகம் பரவுவது வீட்டுப் படுக்கையிலும் விடுதி அறையிலும்தான்.

கம்பியில் ஒட்டியிருக்கக்கூடிய எல்லா முட்டையும் ஒரே மாதிரி ஆபத்தானவையும் அல்ல. உருளைப்புழுவின் முட்டை மண்ணில் சில வாரங்கள் கிடந்து பக்குவப்பட வேண்டும். அது கம்பியில் இருந்தால், மண்ணோ மலமோ பட்ட கை கழுவப்படாமல் அங்கே வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியா என்ற நுண்ணுயிரி நேர்மாறானது. மலத்தோடு வெளியேறும்போதே தொற்றத் தயாராக இருக்கும். அதன் பத்துக் கூடுகள் (சிஸ்ட்) வாய்க்குள் போனாலே போதும்.

கொரோனா காலம் நம் பைகளில் சானிடைசரைச் சேர்த்துவிட்டது. வைரஸின் கொழுப்புறையை ஆல்கஹால் சிதைத்தது உண்மை. புழு முட்டையின் ஓடோ பல அடுக்கு கொண்டது. சானிடைசரை நம்பிக் கை கழுவுவதை விட்டுவிடக் கூடாது. சோப்பும் முட்டையைக் கொல்வதில்லை. ஆனால் நுரையோடு தேய்ப்பது அதைத் தோலிலிருந்து பெயர்த்துவிடும், ஓடும் நீர் அடித்துச் சென்றுவிடும். இருபது விநாடி தேய்த்தாக வேண்டும். விரல் நுனிக்கும் நகக்கண்ணுக்கும் கூடுதல் கவனம் தேவை. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

குழந்தை இரவில் அரிப்பால் புரண்டால், காலையில் குளிப்பதற்கு முன் அந்த இடத்தில் ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவை ஒற்றி எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். நுண்ணோக்கியில் முட்டை தெரியும். மருந்தை மருத்துவர் தருவார். அது புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை கொடுக்கச் சொல்கிறார்கள். பல நேரம் வீட்டில் எல்லோரையும் ஒரே நாளில் சாப்பிடச் சொல்வார்கள். அன்று காலையே படுக்கை விரிப்பையும் உள்ளாடைகளையும் உதறாமல் சுருட்டி எடுத்து, வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும்.