ஊசி மருந்தும் உதிரப் பரிசோதனையும்

தேகக்கட்டை விரைவில் வளர்க்க விரும்பும் வாலிபர் சிலர், வைத்தியர் ஆலோசனையின்றி டெஸ்டோஸ்டீரோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளைச் சில மாதம் ஊசியாய் ஏற்றுப் பின்னர் நிறுத்துகின்றனர். முதுகிலும் மார்பிலும் பருக்கள் எழக்கண்டு அஞ்சி, உடனே இரத்தத்தைச் சோதிப்பிக்கின்றனர். அச்சோதனை எக்காலத்துச் செய்யத்தக்கது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1935ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெற்ற டெஸ்டோஸ்டீரோன், ஆடவர் விரைகளில் இயல்பாகவே சுரப்பதாம். அது புறத்திருந்து மிகுதியாய் வருங்கால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி விரைகளை ஏவும் தன் தொழிலை நிறுத்திவிடும். பிறர் நெல் வந்து குவியும் வீட்டார் தம் வயலை உழாது விடுதல் போலும் இது. அம்மருந்தே தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுதலால் பருக்களும் தோன்றுகின்றன.

எனாந்தேட் என்னும் ஊசி மருந்து உடலிற் பாதியாய்க் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். பெரிதும் நீங்க ஐந்தாறு வாரம் வேண்டும். அதற்குமுன் காணும் அளவு மருந்தினுடையதேயன்றி நம்முடையதன்று. அதுகண்டு மகிழ்ந்தவன் ஏமாறுவான். ஆதலின் அக்காலம் கழிந்தபின், காலை 7 முதல் 10 மணிக்குள், வெறுவயிற்றில், வெவ்வேறு நாளில் இருமுறை, எல்.எச்., எப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன்களோடு சேர்த்துச் சோதித்தல் முறை. அப்போதும் குறைவாயின் மனந்தளரற்க. சுரப்பி மீள மாதங்கள் பலவாதலும் உண்டு.

ஆயின் ஈரல், கொழுப்பு, செவ்வணு ஆகியவற்றின் சோதனைகளுக்குக் காத்திருத்தல் வேண்டா. பருக்களுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் இரத்தக் கொழுப்பை உயர்த்தி ஈரலை வருத்தக்கூடும். எனவே ஊசியேற்றதை வைத்தியரிடம் மறைத்தல் தகாது. பருக்கள் புண்ணாகிக் காய்ச்சலும் மூட்டுவலியும் கூடின், அன்றே அவரை அடைதல் வேண்டும். நாணி மறைக்கும் ஒரு செய்தி, நம் உடலுக்கே கேடாய் முடியும்.